நாய்களுக்கு மன்னிப்பு, ராடருக்குக் காசு

2024 நவம்பர் 23. கியூபெக்கின் வட கோடியில், காங்கிக்சுயுவாக் என்ற சின்ன ஊரில், கனடா அரசின் சார்பில் ஒரு அமைச்சர், ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுவிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் எங்கட தமிழர் கரி ஆனந்தசங்கரி. 1950களிலும் 60களிலும் நுனாவிக் என்கிற அந்த வட கியூபெக் பகுதியில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்கள் ஆயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டதற்கான மன்னிப்பு அது. கூடவே 45 மில்லியன் டொலர்.

"நாய்க்கெல்லாமா மன்னிப்பு?" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் சிரித்தார். மீன்பிடிக்கிறவனின் வள்ளத்தை எரித்தால் என்ன ஆகும் அண்ணை என்று கேட்டேன். அங்கே நாய்தான் வள்ளம். வேட்டைக்குக் கூட்டிப்போவது அது, பனிப்புயலில் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பதும் அது. நாய் போனதும் வேட்டை போனது, கடைச் சாப்பாட்டை நம்பவேண்டி வந்தது. மனுஷன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மன்னிப்பு நல்லதுதான். ஆனால் பழைய பிழைக்குத் தலை குனிகிற ஒட்டாவா அரசு, இன்றைக்குக் காசை எங்கே கொட்டுகிறது என்று பாருங்கோ. 2025 மார்ச்சில் பிரதமர் கார்னி வடக்கே நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்கலுவிட் போய், அவுஸ்திரேலியாவின் தொழில்நுட்பத்தில் ராடர் அமைக்கப்போவதாக அறிவித்தார். 6 பில்லியன் டொலருக்கு மேல். ஆர்க்டிக்கைக் காக்கவாம். அதன் முதல் தளங்களுக்கு நிலம் எடுத்தது எங்கே தெரியுமா? தெற்கு ஒன்ராறியோவின் கவார்த்தா லேக்ஸ், கிளியர்வியூ. நாங்கள் கோடையில் மீன் பிடிக்கப் போகிற பக்கம்! தொழில்நுட்பக் காரணம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஆர்க்டிக்கின் பெயரில் ஒதுக்குகிற காசெல்லாம் ஆர்க்டிக் ஊர்களுக்குப் போய்ச் சேருகிறது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இனுவிட் தலைவர் நாதன் ஓபெட் வருஷக்கணக்காகச் சொல்வது ஒன்றுதான்: அந்த மண் கனடாவுடையது என்பதற்குச் சாட்சி அங்கே குடியிருக்கிற சனம். அவர்களுக்கு வீடு, தண்ணீர், துறைமுகம், இணையம் கொடுங்கோ, அதுவும் பாதுகாப்புத்தான். இந்தச் சாட்சி வேலையை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கட்டாயத்தில் செய்திருக்கிறார்கள். 1953இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில் இருந்து இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது அரசு. பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றோடு போனது. அந்தச் சனம் அங்கே நட்டுவைத்த கொடிக்கம்பம் போல இருந்தது. அதற்கும் மன்னிப்பு வந்தது, 2010இல்.

2021 கணக்கெடுப்பின்படி இனுவிட் தாயகத்தில் வாழும் இனுவிட்களில் பாதிக்கு மேல் நெரிசலான வீடுகளில். ஒரு வீட்டில் மூன்று தலைமுறை என்றால் காசநோய்க்குக் கொண்டாட்டம். 2022 பட்ஜெட்டில் வீடுகளுக்கு 845 மில்லியன் ஒதுக்கினார்கள், ஏழு வருஷத்துக்கு. ராடர் தொகையோடு வைத்துப் பாருங்கோ. அங்கே வீடு கட்டுவதும் லேசில்லை. நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியிலிருந்து தெரு இல்லை. பலகையும் ஆணியும் கோடைக் கப்பலில் வரவேண்டும், தவறினால் அடுத்த கோடைதான்.

2030க்குள் இனுவிட் தாயகத்தில் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் அரசு வாக்குக் கொடுத்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அடுத்த தேர்தலுக்குக் கதவைத் தட்டுகிறவரிடம் வரி, வாடகை பற்றி எப்படியும் கேட்பேன். இதையும் கேட்கப்போகிறேன்.