சீரிஸ் 7 நேரடியாக எழுத முடியாது

இந்திய எம்பிஏவோடு சீரிஸ் 7 (அமெரிக்காவில் பங்கு, பத்திரங்கள் விற்பதற்கான உரிமத் தேர்வு) பாஸ் செய்துவிட்டுப் போனால் வால் ஸ்ட்ரீட்டில் வேலை உறுதி என்று சிலர் சொல்வது தலைகீழ். சீரிஸ் 7 எழுதவே ஃபின்ராவில் (அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உறுப்பினரான நிறுவனம் உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும், அதாவது முதலில் வேலை, அப்புறம்தான் தேர்வு. ஃபின்ராவின் சொந்தத் தேர்வுகளில் ஸ்பான்சர் இல்லாமல் எழுத முடிவது எஸ்ஐஇ என்ற அடிப்படைத் தேர்வு மட்டும். 18 வயதானால் போதும், டிகிரிகூடக் கேட்பதில்லை, தேர்ச்சி 4 ஆண்டு செல்லும். ஆனால் அதை வைத்து ஒரு பங்குகூட விற்க முடியாது. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்றால் சீரிஸ் 79, அதற்கும் முதலில் ஸ்பான்சர் என்ற இதே கதைதான்.

வெளிநாட்டு டிகிரிக்காரர்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை விசா. ஹெச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு வரம்பான 85,000-இல் 20,000 இடம் அமெரிக்காவிலேயே முதுகலை முடித்தவர்களுக்குத்தான், நம்மூர் எம்பிஏ அதில் சேராது. கோச்சிங் சென்டர்காரர்கள் இதையெல்லாம் சொல்வார்களா என்ன?