தழும்புதான் சின்னது

"கீஹோல் ஆபரேஷன்னா ரெண்டே வாரத்துல நுரையீரல் பழையபடி ஆயிடும்" என்று, நுரையீரல் புற்றுநோய்க்குச் சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் ஆறுவது விலா எலும்புகளுக்கு நடுவே போட்ட துளைகள். வலி குறைவு, வீட்டுக்கும் முன்னதாக வரலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் வெட்டி எடுத்த மடல், அதாவது நுரையீரலின் பெரும் பகுதிகளில் ஒன்று, திரும்ப வளராது. மிச்சமிருக்கும் மடல்கள் விரிந்து ஓரளவு ஈடுகட்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

2 செ.மீ.க்கு மேற்படாத நுரையீரல் புற்றுக்கட்டி உள்ள 1,106 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, முழு மடலை எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு; மடலின் ஒரு கூறை மட்டும் எடுத்தவர்களுக்கு 8.5. பலருக்கு அன்றாட வேலை தடைபடாது. புகைத்துக் கெட்ட நுரையீரலுக்கு அதுவே பெரிய இழப்பு.

என் அப்பா, ஆபரேஷனுக்குப் பின் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை முதல் இரண்டு நாள் ஊதிக்கொண்டே இருந்தார். அதை உள்ளே உறிஞ்ச வேண்டும்! மாடிப்படியை நிற்காமல் ஏறியது நான்காவது மாதம்தான். அதுவரை, யாரோ சொன்ன அந்த "ரெண்டு வாரத்தை" நினைத்து, நோய் திரும்பிவிட்டதோ என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தார்.