பத்துக் கண்ணுக்கு வேண்டாம், எட்டுக் கண்ணுக்குக் கொடுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் இலங்கையில் போர் நடந்த வன்னியில் கண்புரைச் சத்திர சிகிச்சைக்குக் காசு அனுப்புகிறார்கள். பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் திவசம் என்று ஏதோ ஒன்றை முன்னிட்டுப் பத்துப் பேரைப் பொறுப்பெடுக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் காத்திருக்கும் வரிசை நீளம், 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அந்த நேரத்தில் கைகொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து மேசன் அண்ணையைச் சொல்கிறேன். இந்திய வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் அவருக்கு ஓய்வே இல்லை. பிறகு மெல்ல மெல்லக் கண் மங்கியது. கல் வைக்கக் கட்டுகிற நூல் தெரியாமல், விரலால் தடவித் தடவிக் கட்டினார். ஒரு சுவர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்க, வீட்டுக்காரர் உடைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். அதோடு யாரும் கூப்பிடவில்லை. மற்ற மேசன்மாருக்குச் சீமெந்து குழைக்கப் போனார், பாதிச் சம்பளத்துக்கு.

ஏன் இவ்வளவு நாளும் காட்டவில்லை என்று கேட்டேன். "புரை முத்தினாத்தான் வெட்டலாமாம் தம்பி" என்றார். அது பழைய முறைக்குச் சொன்னது. இப்போது சின்னத் துளை போட்டுக் கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். பார்வை வேலைக்கு இடைஞ்சலானதுமே செய்யலாம். இறுகிப்போன புரையை எடுப்பதுதான் சிரமம். இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

இந்த வில்லை வந்த கதையும் ஒரு யுத்தத்தில் தொடங்கியதுதான். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்தன. அதைக் கவனித்த லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி 1949 இல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து வைத்தார். உடம்பில் ஷெல் துண்டோடு நடமாடும் சனம் நாங்கள். கண்ணில் அடிபட்டவர்களுக்கு வருடங்கள் கழித்தும் புரை வரலாம், வயதானவர்களுக்கு மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, அண்ணைக்கு யாரோ ஒரு புண்ணியவானின் காசில் வலது கண் செய்தார்கள். அடுத்த நாள் மூடியை எடுத்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்து, "பூச்சு மட்டமில்லை" என்றாராம். அவரின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா அழுதுகொண்டே அதை எங்களிடம் சொன்னா.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். வாரக்கணக்கில் துளி மருந்து விட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தூசு படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. சீமெந்தோடு வேலை செய்கிற நாட்கூலிக்காரருக்கு அது என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். அடுப்பு எரிய வேண்டும், அக்கா எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்கிழமை கட்ட வேண்டும். இரண்டாம் கிழமையே மேசன் கரண்டியோடு வெளிக்கிட்டார். அக்கா மறித்து, நாங்கள் நாலு வீட்டுக்காரர் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுத்துத்தான் அவரை இருத்தி வைத்தோம். மறித்தவர்கள் இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும்?

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து கிளினிக்குக்குப் போய்வருவதும் சும்மா இல்லை. கூடப் போகிறவருக்கும் அன்று கூலி இல்லை. அதனால் பலர் திரும்பிக் காட்டப் போவதே இல்லை. சிலருக்குச் சில வருடத்தில் வில்லைக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கும். லேசரில் சில நிமிட வேலை அது. தெரியாமல் "ஒபரேசன் பிழைத்துப்போச்சு" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

அண்ணை இப்போது திரும்பவும் மேசன், முழுச் சம்பளம். இடது கண் இன்னும் மிச்சம். அடுத்த முறை காசு அனுப்பும்போது பத்துப் பேருக்கு என்று எழுதாமல் எட்டுப் பேருக்கு என்று எழுதுங்கள். மிச்சக் காசில் அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு மாத உலர் உணவும், கிளினிக்குக்குப் போய்வரும் செலவும், கூடப் போகிறவரின் கூலியும் சேரட்டும்.