கிடைத்தவர்களோடு வாசித்த காலம்

என் அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது. கிட்டார் நன்றாகவே வாசிக்கிறான். போன வாரம் தானே செய்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான், டிரம்ஸ், பேஸ் (கீழ்ச்சுரங்களுக்கான கிட்டார்) எல்லாம் லேப்டாப்பில் செய்தது, ஒரு அடிகூடப் பிசகவில்லை. ஏன்டா, கூட வாசிக்க யாருமே இல்லையா என்று கேட்டேன். "இந்த ஊர்ல என் டேஸ்ட்டுக்கு யாரும் இல்ல சித்தப்பா" என்றான். அதிலிருந்து மனசு கேட்கவில்லை. அவனுக்கு அன்று சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பேண்ட் ஆரம்பித்தபோது எங்களுக்கும் யாரும் கிடைக்கவில்லை. சின்ன ஊரில் அப்படித்தான் இருக்கும். டிரம்ஸ் அடித்தவனுக்கு மெட்டல் என்ற அதிரடி ராக் இசை தவிர வேறு எதுவும் பிடிக்காது, பாடியவனுக்கு மெல்லிசைதான் உயிர். பேஸ் வாசித்தவன் அதற்கு முன்பு எந்த வாத்தியத்தையும் தொட்டதே இல்லை, ஆனால் கூப்பிட்டதும் வந்தான், கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் வந்தான். ரசனையை வைத்து ஆள் சேர்த்திருந்தால் எங்களில் எந்த இருவரும் ஒரே அறையில் இருந்திருக்க மாட்டோம்.

இருந்தது ஒரே ஒரு ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி. அதில் இரண்டு இன்புட், ஒன்றில் என் கிட்டார், இன்னொன்றில் மைக். கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு வருமளவுக்கு வால்யூமை ஏற்றினால் பாடுபவனின் குரலும் சேர்ந்து கரகரத்துவிடும், ஒரு வார்த்தை புரியாது. அதனால் அவன் பாடும்போது நான் நிறுத்துவேன், அவன் வரியை முடித்ததும் நான் உள்ளே வருவேன். வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் அந்த இடைவெளியில் பேஸும் டிரம்ஸும் மட்டும் தனியாக நடந்து போவது அவ்வளவு அழகாக இருக்கும். பிறகு இரண்டாவது ஆம்ப் வந்தபோதும் அதை நாங்கள் மாற்றவில்லை.

இல்லாமையிலிருந்து ஒரு ஓசை பிறக்கும் என்பதை நான் முழுசாக நம்புகிறேன். பிளாக் சாபத் என்ற ஆங்கிலேய ராக் பேண்டின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர், அதுவும் தந்தியை அழுத்தும் கையில். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டு, மெல்லிய தந்திகள் போட்டு, பின்னர் சுருதியையும் இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஓசைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. யு2 என்ற அயர்லாந்து ராக் பேண்ட் தொடங்கியதும் 1976இல் டப்ளினில் ஒரு பள்ளி அறிவிப்புப் பலகையில் வாசிக்க ஆள் தேடி ஒட்டிய காகிதத்தில்தான். ஒட்டிய டிரம்மர் லாரி மல்லனுக்கு அப்போது 14 வயது. உலகமெங்கும் தேடிச் சேர்த்த ஆட்கள் இல்லை, அதே பள்ளியில் படித்தவர்கள் அவர் வீட்டுச் சமையலறைக்கு வந்தார்கள், அன்று கூடியவர்களில் நான்கு பேர்தான் பல பத்தாண்டுகள் சேர்ந்து வாசித்தார்கள்.

எங்கள் அறை சிறியது, சத்தம் சுவரில் மோதித் திரும்பும், யாருக்கும் யார் வாசிப்பதும் சரியாகக் கேட்காது. (பேண்ட் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று: காதில் அடைப்பான் போடுங்கள். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது ஆபத்து என்கிறார்கள், சின்ன அறையில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, என் இடது காதில் இன்றும் ஒரு ரீங்காரம் இருக்கிறது.) கேட்காததால் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டோம். நான் பெரிய டிரம்மை மிதித்து அடிக்கும் டிரம்மரின் வலது காலைப் பார்ப்பேன், பேஸ்காரன் என் கையைப் பார்ப்பான். முதல் மேடையில் வாசிப்பவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் எங்களுக்கு வைக்கவில்லை, பாடியவனுக்குத் தன் குரலே கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் டிரம்மர் பதற்றத்தில் வேகம் எடுத்தான். திரும்பி அவன் காலைப் பார்த்தேன், பேஸ்காரன் என்னைப் பார்த்தான், மூன்று பேரும் சேர்ந்தே வேகம் எடுத்தோம். கீழே இருந்தவர்களுக்கு நாங்கள் வேண்டுமென்றே செய்தது போலத்தான் தெரிந்திருக்கும். அந்தக் கணத்தை நான் வேறு எதிலும் அடைந்ததில்லை. லேப்டாப் டிரம்ஸ் வேகம் எடுக்காது, சரி, ஆனால் அது உன்னைத் திரும்பியும் பார்க்காதே.

இனி சொல்வது கொஞ்சம் வலிக்கிற விஷயம். இரண்டு வருடம் கழித்து, பெரிய ஊரிலிருந்து வந்த ஒருவன் எங்களோடு வாசிக்கக் கேட்டான். நல்ல பேஸ் வாசிப்பாளன், எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும் அவனுக்கு. பழையவனை நிறுத்தினோம். முடிவு எல்லோருடையதுதான், அவனிடம் போய்ச் சொன்னவன் நான். "சரிடா, பரவாயில்ல" என்றான், கேபிளைச் சுற்றி ஆம்ப் மேல் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் எல்லாப் பாட்டும் பிசகில்லாமல் வந்தது. ஆனால் புதியவன் நிகழ்ச்சிக்கு மட்டும்தான் வருவான், பயிற்சி குறைந்தது, நாங்களும் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஆறே மாதத்தில் பேண்ட் நின்றது. அன்று எடுத்த முடிவு தப்பு என்று எனக்குப் பல வருடம் முன்பே தெரியும், வெளியே சொல்வது இப்போதுதான்.

டிரம்ஸ் செட்டில் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மின் அடியில் மெல்லிய கம்பிச் சுருள்கள் தோலைத் தொட்டபடி இருக்கும். பக்கத்தில் பேஸ் வாசித்தால், குறிப்பிட்ட சில சுரங்களுக்கு யாரும் அடிக்காமலேயே அந்தத் தோல் அதிரும், கம்பிகள் 'ஸ்ஸ்ர்ர்' என்று உறுமும். எல்லோருக்கும் அது தொந்தரவு, புதியவன் முதல் நாளே கம்பியைத் தளர்த்தச் சொன்னான். பழையவனோ எந்தச் சுரத்துக்கு அது நன்றாக உறுமுகிறது என்று தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தான். மூன்றாவது தந்தி, ஐந்தாவது ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்). பாட்டு தொடங்கும் முன் அதை ஒருமுறை மெதுவாகத் தட்டி, டிரம் பதில் சொல்கிறதா என்று காத்திருப்பான், சொன்னதும் டிரம்மரைப் பார்த்துத் தலையசைப்பான்.

எங்கள் பேண்டில் மிஞ்சியது ஒரு கேசட். டேப் ரெக்கார்டரை வாசலுக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்துப் பதிந்தது, உள்ளே வைத்தால் டிரம்ஸ் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். நேற்று ராத்திரி அண்ணன் மகனை உட்கார வைத்து அதைப் போட்டேன். முதலில் யாரோ கதவை நகர்த்தும் சத்தம், அப்புறம் அந்த ஒரு சுரம், அதன் பின்னாலேயே டிரம்மின் உறுமல். "இது என்ன சித்தப்பா?" என்றான். பாட்டை நிறுத்தி, திரும்பச் சுற்றி, அந்த இடத்தையே இன்னொரு தடவை போட்டேன்.