எங்க மாமா தோப்புல கடிச்ச நாயும் அந்த 23 இனத் தடையும்

போன மாசம் எங்க தெரு வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் ராட்வீலர்ங்கற பெரிய காவல் நாயோட வீடியோ ஒன்ன போட்டு "இந்த சாதி நாயே நாட்டுல இருக்கக்கூடாது"ன்னு எழுதினாரு, கீழ வரிசையா எல்லாரும் ஆமா ஆமான்னு போட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. அவங்க பயத்துல நியாயம் இருக்கு, அத நேர்ல பாத்தவன் நான். ஆனா தடை பண்ணிட்டா சரியாயிடும்ங்கறத மட்டும் என்னால ஏத்துக்க முடியல. குரூப்புல ரெண்டு வரியில சொல்ற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளந்தான், பொறுத்துக்கங்க.

மன்னார்குடிக்கு தெக்கால எங்க மாமாவுக்கு தென்னந்தோப்பு. 2018 கஜா புயல்ல பாதிக்கு மேல சாஞ்சு, மறுபடி கன்னு வச்சு தண்ணி ஊத்தி இப்பதான் காய்ப்புக்கு வந்திருக்கு. அதுல ரெண்டு தடவ மோட்டார் ஒயர அறுத்துட்டுப் போயிட்டானுவ. அந்த ஆத்திரத்துல மாமா ஆன்லைன்ல தேடி ஒரு ஆள புடிச்சு, பன்னண்டாயிரம் குடுத்து ராட்வீலர் குட்டி வாங்குனாரு. நானும் கூடப் போயிருந்தேன். தகரக் கொட்டாய்க்கு கீழ வரிசையா கூண்டு, தாய் நாய் எழுந்து நின்னா தலை மேல் கம்பியில இடிக்கிது, மடி தொங்கிப்போயி தரையில ஒரசுது, கம்பி வலை மேலயே நின்னு நின்னு கால் வெரலெல்லாம் அகண்டு கெடக்கு. இது எத்தனாவது ஈத்துன்னு கேட்டேன், "அதெல்லாம் யாரு சார் கணக்கு வச்சிக்கிறா"ன்னாரு. குட்டிக்கு முப்பத்தஞ்சு நாளுதான் ஆவுது. ரசீது கெடையாது, ஊசி போட்ட புக்குல டாக்டர் கையெழுத்து கெடையாது, அப்பன் நாய் எதுன்னு காட்டவே இல்ல. வேணாம் மாமா வாங்க போயிடுவோம்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அது இன்னிக்கும் உறுத்துது.

தோப்புக்கு வந்ததும் போர் கொட்டாய் தூண்ல கட்டுனதுதான், ஒன்றரை வருஷம் அவுக்கல. நாலடி சங்கிலி. அந்த சங்கிலி எட்டுற தூரத்துக்கு தூண சுத்தி ஒரு புல்லு மொளைக்கல, மண்ணு மொழுகுன களம் மாதிரி இறுகிப்போயி கெடக்கு, அந்த வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி பச்சப்பசேல்னு அருகம்புல்லு. காலையில ஒருத்தர் வந்து தட்ட தள்ளிவிட்டு சோறு வைப்பாரு, அதோட சரி, அதுக்கு தெரிஞ்ச மனுச முகமே அவ்ளோதான்.

ஒரு நாள் சங்கிலி கொக்கி தேஞ்சு விட்டுப்போச்சு. மட்ட பொறுக்க வர்ற அக்கா ஒருத்தங்க உள்ள வந்தாங்க, கெண்டக்கால புடிச்சிடுச்சு. அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். போர் தண்ணியிலயே சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவி வண்டியில ஏத்திட்டுப் போனோம். ரத்தம் வந்த கடிங்கறதால ரேபிஸ் தடுப்பூசியோட, காயத்த சுத்தி அந்தக் கிருமிய உடனே எதுக்குற இம்யூனோகுளோபுலின்ங்கற மருந்தும் போட்டாங்க. அன்னிக்கு ஒன்னு, அப்பறம் மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருவத்தெட்டாம் நாளுன்னு நாலு தடவ ஊசி. நடவு ஓடுற நேரம் வேற, எத்தன நாள் கூலி போச்சுன்னு யாரு பாத்தா? மாமா அஞ்சாயிரம் குடுத்தாரு, பெரியவங்க ரெண்டு பேரு நின்னு பேசி முடிச்சு விட்டாங்க. போலீசுக்கே போகல. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தப்ப அந்தக்கா எங்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு. "அத ஏந்தம்பி கொற சொல்லணும், நம்மளயே ஒரு வருஷம் ஒரே எடத்துல கட்டிப்போட்டா நாமளும் கடிக்கத்தான் செய்வோம்."

சட்டம் இல்லாம இல்லங்க. வளக்குற மிருகத்த ஒழுங்கா அடக்கி வைக்காம அடுத்தவங்களுக்கு ஆபத்து வர விட்டா பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 291ம் பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நாய சதா கட்டியே வச்சு நடக்க விடாம வச்சிருக்கறது 1960 மிருகவதை தடுப்பு சட்டத்துலயே குத்தம்னு இருக்கு. ஆனா மொத தடவ மாட்டுனா அபராதம் பத்து ரூவாலேர்ந்து அம்பது ரூவா வரைக்கும்தான். அம்பது ரூவா! ஒரு டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டா சரியாப் போச்சு. இத ஏத்தணும்னு கேக்க ஆளில்ல, இனத்த தடை பண்ணுன்னு கேக்க ஆயிரம் பேரு.

2024 மார்ச்ல மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 23 இனத்துக்கு லைசென்ஸ் குடுக்காதீங்க, விக்க விடாதீங்க, ஏற்கனவே வளக்குறவங்க கருத்தடை பண்ணிடணும்னு எல்லா மாநிலத்துக்கும் கடிதம் அனுப்புனாங்க. அந்த லிஸ்ட்ட படிச்சா வயிறு எரியும். டோசா இனு ஒரு எடத்துல, ஜப்பானிய டோசா இன்னொரு எடத்துல, ரெண்டும் ஒரே நாய்தான். "டெரியர்"னு மொட்டையா ஒரு வார்த்த, அதுல மடியில வச்சு வளக்குற குட்டி நாய் வரைக்கும் அடங்கும். ஏப்ரல்லயே கர்நாடக ஹைகோர்ட், சம்பந்தப்பட்டவங்கள கேக்காம போட்டதுன்னு அத ரத்து பண்ணிடுச்சு. மே மாசம் நுங்கம்பாக்கம் பார்க்குல அஞ்சு வயசு புள்ளைய ரெண்டு ராட்வீலர் கொதறுச்சு, நம்ம மாநிலத்துலயும் அதே மாதிரி தடை உத்தரவு வந்துச்சு, உடனே வாபஸும் ஆயிடுச்சு. அந்த ரெண்டு மாசத்துல எனக்கே மூணு பேரு போன் பண்ணி "யாராவது எடுத்துப்பாங்களா"ன்னு கேட்டாங்க. எடுத்துக்க ஆளில்லன்னா ராத்திரியோட ராத்திரியா பைபாஸ்ல எறக்கி விட்டுட்டுப் போவாங்க. இதான் தடையோட பலன்.

நெதர்லாந்துல 1993ல பிட்புல்ல தடை பண்ணி, கடி கொறையலன்னு 2008ல அவங்களே எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 1991லேர்ந்து நாலு இனத்துக்கு தடை, பின்னாடி எக்ஸெல் புல்லின்னு புதுசா ஒன்னு கெளம்பி, 2023 அக்டோபர்ல அதையும் லிஸ்ட்டுல சேத்து, 2024 பிப்ரவரியிலேர்ந்து விலக்கு சர்டிபிகேட் இல்லாம வச்சிருக்கறதே குத்தம்னாங்க. ஒன்ன மூடுனா விக்கிறவன் இன்னொன்ன கொண்டாந்துடறான்.

இதுக்கு ஒரு பதில் சொல்வீங்க, ராட்வீலர் கடியும் தெரு நாய் கடியும் ஒன்னான்னு. இல்லதான். அந்த தாடைக்கு உள்ள பலம் வேற, அத மறைக்க மாட்டேன். அதனாலதான் பெரிய நாய் வச்சிருக்கறவனுக்கு கட்டுப்பாடு கூடுதலா போடுங்கன்னு சொல்றேன், வெளிய வந்தா வாய்க்கூடு, கையில பெல்ட்டு, லைசென்ஸ், ஓனர் யாருன்னு காட்ட தோலுக்கடியில மைக்ரோசிப். என் நாய் என் உரிமைன்னு பேசற ஓனருங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், கேட்டத் தெறந்து வெளிய விட்டீங்கன்னா அங்க அடுத்தவங்க உரிமை ஆரம்பிச்சுடுது.

ஆனா எல்லாத்துக்கும் மொத ஆளு அந்த தகரக் கொட்டாய்க்காரர். நாய ஈனவச்சு விக்கறவங்களுக்கு 2017லயே ப்ரீடிங் விதி வந்துடுச்சு. மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், பதினெட்டு மாசம் ஆவாத பொட்ட நாய சேக்கக்கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கே அஞ்சு ஈத்துதான், எட்டு வாரம் ஆவாத குட்டிய விக்கக்கூடாது. அந்த எட்டு வாரம் சும்மா வச்சதில்ல. கூடப் பொறந்ததுங்களோட உருண்டு பொரண்டு வெளையாடறப்பதான், நாம இறுக்கிக் கடிச்சா அது கத்தும், வெளையாட்ட விட்டுட்டுப் போயிடும்னு குட்டி கத்துக்குது. முப்பத்தஞ்சு நாள்ல பிரிச்சா அத யாரு சொல்லித் தருவா? நல்ல ப்ரீடர் இடுப்பு மூட்டுல கோளாறு இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்து, தாய் தகப்பன் கொணம் பாத்துதான் சேப்பாரு. நம்ம மாநிலத்துலயும் 2024ல கொள்கை வந்துச்சு, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் மாதிரி நம்ம வெயிலுக்கும் ஒடம்புக்கும் ஒத்துவராத 11 இனத்த ஈனவைக்கவே கூடாதுன்னு. அது எனக்கு சம்மதம், நாயோட கஷ்டத்த பாத்து போட்டது.

தை அறுவடை முடிஞ்சா ராமநாதபுரம், சிவகங்க பக்கத்துலேர்ந்து எங்க வயலுக்கு ஆட்டுக்கிடை வரும். கிடை போடுற கீதாரிகூட வர்ற நாய்களப் பாருங்க. சங்கிலி கெடையாது. பகலெல்லாம் ஆளு பேருன்னு பாத்து, கொழந்தைங்க சத்தம் கேட்டு வளந்தது. ராத்திரி கிடைக்குள்ள ஒரு நரிய விடாது, பகல்ல நாங்க வரப்புல போனா தலைய தூக்கி பாத்துட்டு படுத்துக்கும். மாமா தோப்புக்கு கேட்ட காவல் இதுதான், அதுக்கு சங்கிலியே தேவயில்ல.

மாமா அந்த நாய எங்கயாவது விட்டுட்டு வந்துடுன்னாரு. நான் கூட்டிட்டு வந்துட்டேன், பேரு புரூனோ, எட்டு மாசம் ஆவுது. ஒரத்தநாடு கால்நடை காலேஜ்ல காட்டி கருத்தடை, ஊசி எல்லாம் ஆச்சு. சாயங்காலம் வாய்க்காங்கரையில வாய்க்கூடு போட்டுத்தான் நடக்கும், இப்பவும் வேகமா யாராவது வந்தா ஒடம்பு வெறச்சுக்கும். அந்த நேரந்தான் அந்தக்கா புல்லுக்கட்டோட வருவாங்க. தூரத்துல பாத்ததும் நான் புரூனோவ வயல்ல எறக்கி, பெல்ட்ட சுருட்டிப் புடிச்சுக்கிட்டு, மொகத்த அந்தப் பக்கம் திருப்பி நிக்க வச்சுடுவேன். அவங்க கரையோட அந்த ஓரமா, கால கெந்திக்கிட்டே கடந்து போவாங்க. அவங்க மதகு தாண்டுற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் சேத்துலதான் நிப்போம்.