தடம் பார்க்கத் தெரிந்தவர்கள்

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அரேபியப் பாலைவனத்தில் ஆடு, ஒட்டகம் மேய்த்து வாழும் பெதூயின் மக்களில் ஒரு இளைஞர் பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனோடு, ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போகிறார். கீழே நம்ம ஆட்கள் வரிசையாக "பாரம்பரியம் எல்லாம் போச்சு", "பாலைவனத்துக்காரனுக்கே பாலைவனம் தெரியல" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பதில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன்.

நான் ஓமானில் ஹைமாவில் ஆறு வருஷம் டயர் கடையில் வேலை பார்த்தவன். மஸ்கட்டிலிருந்து சலாலா போகிற சாலையில், நடுவழியில் வருகிற சின்ன ஊர். சுற்றியிருக்கும் பொட்டல்வெளிக்கு ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். பாலைவனம் என்றதும் நாம் நினைக்கிற மணல்மேடு அங்கே பெரும்பாலும் இல்லை, தட்டையான கல்லுத் தரைதான். ஹராசிஸ் என்கிற பெதூயின் கூட்டத்தாரின் மேய்ச்சல் நிலம் அது. ஆறு, ஓடை எதுவும் கிடையாது. 1950களில் எண்ணெய் தேடி வந்தவர்கள் கிணறு தோண்டும்வரை தண்ணீருக்கு வழியே இல்லாத ஊர்.

அப்படியென்றால் எப்படிப் பிழைத்தார்கள்? அரபிக் கடலிலிருந்து மூடுபனி ராத்திரியில் உள்ளே ஏறி வரும். செடிகளில், குட்டை மரங்களில் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும். விடியற்காலையில் ஆடுகளும் ஒட்டகங்களும் அந்த ஈரத்தோடு இலையை மேயும், மனிதர்கள் அவற்றின் பாலைக் குடித்தே நாட்களை ஓட்டுவார்கள். எந்தப் பக்கம் பனி இறங்கும், எந்தச் செடி எத்தனை நாள் தாங்கும், சுஹைல் நட்சத்திரம் தென்கிழக்கே தெரிந்தால் வெயில் எப்போது தணியும் என்பதெல்லாம் அவர்களுக்கு உயிர் பிழைக்கிற கணக்கு. (சுஹைல் வேறொன்றுமில்லை, நாம் அகத்தியர் என்று சொல்கிற அதே நட்சத்திரம்தான். அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.)

கடைக்கு ஒரு பெரியவர் வருவார். அங்கே வயதானவர்களை 'வாலித்', அதாவது அப்பா என்று கூப்பிடுவோம். ஒருநாள் காலையில் அவருடைய ஆடு இரண்டைக் காணோம் என்று பேரனோடு வந்தார். கடைக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு வண்டி வந்து திரும்பியிருக்கிறது, பாரம் ஏற்றிய வண்டி, வலது பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, பனி இறங்குவதற்கு முன்னால் வந்திருக்கிறது" என்றார். டயர் தேய்மானம் என் தொழில், அதனால் அது எனக்குப் புரிந்தது. பனி இறங்குவதற்கு முன்னால் என்று எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். தடத்தின் ஓரத்தை விரலால் காட்டினார். பனித்துளி விழுந்து ஓரம் மழுங்கி, குட்டிக் குட்டிப் புள்ளியாக இருந்தது. பனிக்குப் பிறகு போன வண்டி என்றால் ஓரம் கூர்மையாக நிற்குமாம்.

ஒட்டகத்தின் காலடியைப் படித்த கண், டயரையும் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதை எந்தக் கணக்கில் 'போச்சு' என்று சொல்கிறீர்கள்?

1970களில் அந்தப் பொட்டலுக்கு பிக்கப் வந்தது. வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தண்ணீரை ஆடுகளிடம் கொண்டுபோனது. கிணற்றடியில் எல்லோரும் வந்து குவிய வேண்டிய அவசியம் இல்லாமல், மேய்ச்சல் இருக்கிற இடத்திலேயே குடும்பம் தங்க முடிந்தது. அவர்கள் பாலைவனத்திலேயே இருக்க உதவியது அந்த வண்டிதான். சரி, இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேரனால் தாத்தா மாதிரி பாலை மட்டும் குடித்து நாள்கணக்கில் நடக்க முடியாது, அவனே அதை என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறான். ஆனால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இன்னொரு கதையையும் கேட்க வேண்டும்.

அரேபிய ஓரிக்ஸ் என்கிற வெள்ளை மான், யாரும் வளர்க்காமல் தானாகத் திரிந்து கடைசியாக மிஞ்சியிருந்தது இந்த ஜித்தத்தில்தான். 1972இல் வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் அதையும் முடித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1982இல், வளர்ப்பு மந்தையிலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து யாலூனி என்ற இடத்தில் திறந்துவிட்டபோது, அவற்றின் பின்னாலேயே போய்க் காவல் காத்தது ஹராசிஸ் ஆட்கள். தடம் பார்க்கும் அவர்கள் கண்தான் அந்தத் திட்டத்துக்கு முதுகெலும்பு. மான்கள் நானூறைத் தாண்டின. 1994இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அப்புறம் கள்ள வேட்டை, அதற்கு மேல் எண்ணெய் தேடலுக்காக அரசாங்கமே சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்தது. 2007இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது, அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் இதுதான். அப்போது மிஞ்சியிருந்தவை சுமார் 65 மான்கள். மேய்ச்சலைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லும்போது மட்டும் ஹராசிஸ் ஞாபகம் வந்தது, பெரிய முடிவுகள் எல்லாம் அவர்கள் தலைக்கு மேலே எடுக்கப்பட்டன.

ஜோர்டானிலும் இதே கதை. பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரமான பெட்ராவின் குகைகளில் வாழ்ந்த ப்தூல் பெதூயின்களை 1985இல் உம் சைஹூன் என்ற புது ஊருக்குக் குடியேற்றினார்கள். இருபது வருஷம் கழித்து, 2005இல், பெட்ரா, வாதி ரம் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு, இந்த இரண்டு இடத்துப் பெதூயின்களின் செடிகொடி அறிவும் மலையேறும் திறமையும் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. இடத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைப் பற்றிய அறிவுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

இன்னொரு கவலை மொழி. ஹராசிஸ் மக்களுக்கு ஹர்ஸூஸி என்று தனி மொழி உண்டு, அரபு வேறு, அது வேறு. பேசுகிறவர்கள் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் முழுக்க அரபுதான். செடிகளுக்கும் பள்ளங்களுக்கும் தாத்தா சொல்கிற பெயர் அந்த மொழியில் இருக்கிறது, பெயர் போனால் அந்த இடத்தை அடுத்தவருக்கு எப்படிச் சொல்வது?

கடைசி வருஷம் அந்தப் பேரன் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது தன் போனை எடுத்துக் காட்டினான். வரைபடத்தில் நாற்பது, ஐம்பது புள்ளிகள் குறித்து வைத்திருந்தான். மழைக்குப் பின் புல் முளைக்கிற பள்ளம், நிழல் தருகிற மரம், தாத்தா பிறந்த இடம். ஒவ்வொன்றுக்கும் ஹர்ஸூஸிப் பெயர். அரபு எழுத்தில் இல்லாத ஒலிகள் அதில் இருப்பதால், பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் போட்டு, மேலே தானே ஒரு அடையாளம் வைத்திருந்தான். வாலித் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு புள்ளியைத் தொட்டு, "இது இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் கடல் பக்கம்" என்றார். அவன் நகர்த்தினான்.