பெர்க் இயந்திரத்தை இன்றே நிறுத்த வேண்டுமா?

"அமெரிக்காவில் பெர்க் முழுவதுமாகத் தடை, இயந்திரத்தை உடனே நிறுத்தாவிட்டால் அபராதம்." ட்ரை கிளீனிங்கில் துணியைத் தண்ணீரில்லாமல் சுத்தம் செய்யப் பயன்படும் ரசாயனக் கரைப்பான்தான் பெர்க் (பெர்குளோரோஎத்திலீன்). ட்ரை கிளீனிங் கடைக்காரர்களின் வட்டாரச் சங்கக் கூட்டங்களில் இப்படி ஒரு பேச்சு சுற்றுகிறது. இது பாதி உண்மை. கைக்காசைப் போட்டு இயந்திரம் வாங்கியவரைப் பதற வைக்கப் பாதி உண்மையே போதும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட விதி, ட்ரை கிளீனிங்கில் பெர்க் பயன்பாட்டை 10 ஆண்டுகளில் படிப்படியாக முடிக்கச் சொன்னது. முதலில் புதிதாக வாங்கும் இயந்திரங்களுக்குத் தடை, அப்புறம் பழைய வகை இயந்திரங்கள், கடைசியில் மற்றவை. ஒரே நாளில் கடையைப் பூட்டச் சொல்லவில்லை.

குழப்பம் கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கலாம். அங்கே மாநில விதி தனி: 2008 முதல் புதிய பெர்க் இயந்திரம் கூடாது, 2023 தொடக்கத்தோடு பழையவையும் நின்றுவிட்டன. அதை நாடு முழுவதற்கும் பொருத்துவது தவறு.

சரி, அப்படியானால் பெர்க்கால் ஆபத்தே இல்லையா? அதுவும் தவறு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை '2ஏ' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தவற்றில் வைத்திருக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது கடையில் வேலை செய்பவர்தான். துணி முழுக்கக் காயுமுன் கதவைத் திறந்தால், அந்த இனிப்பு வாடையோடு ஆவி நேராக அவர் முகத்தில்தான் அடிக்கும். உலர்த்தும் சுற்று முடியும்வரை கதவைத் தொடாதீர்கள்.